ஓயாமல் அலசும் மனத்துக்கு எந்த இசை ஓய்வு தரும்?

செம்பனைச்சாலை (சுங்கை சிப்புட், மலேசியா) எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். செம்பனை எண்ணெய் ஆலை ஒன்றின் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். எண்ணெயில் தனிக் கொழுப்பமிலம் எவ்வளவு, ஈரம் எவ்வளவு, அழுக்கு எவ்வளவு என்று மணிக்கணக்கு வைத்து மாதிரி எடுத்துப் பார்க்க வேண்டும். குடுவையில் காரக் கரைசலைத் துளித்துளியாக விட்டு, இளஞ்சிவப்பு எட்டிப் பார்க்கும் கணத்தில் கையை நிறுத்துவது எனக்கு மிகவும் பிடித்த வேலை. வெளியே கொதிகலனும் பழக்குலைகளை ஆவியில் வேகவைக்கும் கலன்களும் போடும் இரைச்சல்தான் பிடிக்காது.

சிக்கல் வீட்டுக்கு வந்த பிறகு தொடங்குகிறது. உடம்பு களைத்துப் படுத்துவிடுகிறது, மனம் படுப்பதில்லை. அன்று எடுத்த அளவுகளை மறுபடியும் கூட்டிப் பார்க்கிறது. யாரோ சொன்ன ஒரு வார்த்தையைப் பிரித்துப் பிரித்து அதற்கு என்ன பொருள் என்று தேடுகிறது. இயல்பிலேயே நான் அதிகம் பேசாதவன். ஒரு கல்யாண வீட்டுக்குப் போய்வந்தால் இரண்டு நாள் தனியாக இருக்க வேண்டும். நண்பன் ஒருவன் இணையத்தில் ஆளுமைச் சோதனை ஒன்றை எழுதச் சொன்னான். அகமுகர் (தனிமையை நாடுபவர்), ஆராய்ந்து பார்ப்பவர் என்று நான்கு எழுத்துகளில் விடை வந்தது. ‘இந்த வகையினருக்கு மென்மையான பியானோ இசை ஏற்றது’ என்று அதற்குக் கீழே எழுதியிருந்தது.

கேட்டேன். மூன்றாம் நாளே அந்த இசை நான்கு நிமிடத்துக்கு ஒரு முறை தொடக்கத்துக்குத் திரும்புகிறது என்பதைக் கண்டுபிடித்துவிட்டேன். ஒட்டுப் போட்ட இடம்கூடத் தெரிகிறது, அங்கே ஒரு சுரம் முழுமையாக அடங்குவதற்குள் அறுபடுகிறது. அதன் பிறகு நான் இசையைக் கேட்கவில்லை. அந்த ஒட்டு எப்போது வரும் என்று காத்திருக்கிறேன். காத்திருப்பவனுக்கு எப்படித் தூக்கம் வரும்?

சினிமாப் பாட்டும் உதவவில்லை. சொற்கள் வந்துவிட்டால் மனம் அவற்றின் பின்னால் போய்விடுகிறது. இந்தப் பாட்டை எந்த வயதில் கேட்டேன், அப்போது யார் வீட்டில் இருந்தோம் என்று ஊர்வலம் புறப்பட்டுவிடும்.

என்னைப் போன்ற மனம் உள்ளவர்கள் இங்கே இருப்பீர்கள். எதைக் கேட்கிறீர்கள்? எப்படிக் கேட்கிறீர்கள்?

—

நாலாம்கட்டை (ஈப்போ) எழுதியது:

தம்பி, நான் இருபது ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்கு வயலின் சொல்லிக்கொடுப்பவள். ஒட்டு எங்கே என்று கண்டுபிடித்தீர்களே, அது நல்ல காது. அந்தக் காதுக்கு மெல்லிய, மலிவான இசையைக் கொடுத்தால் அது பசியோடு அலையும். கடிக்க ஏதாவது வேண்டும், ஆனால் அது துரத்தவும் கூடாது. அதற்கு நம்மிடம் இருப்பது ஆலாபனை.

ஆலாபனையில் சொல் கிடையாது, தாளக் கட்டும் கிடையாது. ஒரு ராகத்தை ஒருவர் மெல்லத் திறந்துகொண்டே போவார். சொன்ன பிடியையே, அதாவது சுரத்தொடரையே, மறுபடியும் சொன்னாலும் அச்சடித்ததுபோல் சொல்ல மாட்டார். அதனால் உங்களுக்கு ஒட்டு கிடைக்காது. இரவுக்கு நீலாம்பரியில் தொடங்குங்கள். தாலாட்டுக்கு உரிய ராகம் என்று காலம் காலமாகச் சொல்லிவருகிறோம். தேவாரப் பண்களில் மேகராகக்குறிஞ்சி என்பது இன்றைய நீலாம்பரிதான் என்று ஓதுவார்கள் பாடிவருகிறார்கள். அதன் சுரங்கள் நேராக ஏறி நேராக இறங்குவதில்லை. சற்று வளைந்து, பின்வாங்கி, மறுபடியும் வரும். தொட்டில் அசைவதைப் போல என்று என் குரு சொல்வார். அடுத்து ஆனந்தபைரவி, சஹானா, யதுகுலகாம்போதி. நான்குமே அவசரப்படுத்தினால் கெட்டுப்போகும் ராகங்கள்.

குரலைவிடக் கருவி நல்லது. வீணையில் சிட்டிபாபு, புல்லாங்குழலில் என். ரமணி என்று தேடிப் பாருங்கள். கச்சேரி முழுவதையும் போடாதீர்கள். தாளக் கருவிகள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கமும் கடமும் மோதும்போது தூக்கம் பறந்துவிடும்.

—

எழுபத்திரண்டு (கூலிம்) எழுதியது:

கணித ஆசிரியன் நான். உங்கள் கடிதத்தைப் படித்ததும் என்னையே படித்தது போல் இருந்தது. அக்கா சொன்ன ராகங்களோடு ஒரு திறவுகோலையும் தருகிறேன். இது என் வாழ்க்கையில் கிடைத்த பெரிய இன்பங்களில் ஒன்று.

கர்நாடக இசையில் 72 மேளகர்த்தா ராகங்கள், மற்ற ராகங்களுக்குத் தாய் ராகங்கள். சுருக்கமாக மேளம் என்போம். 17ஆம் நூற்றாண்டில் வேங்கடமகி வகுத்த அமைப்பு. முதல் 36இல் நான்காம் சுரமான மத்தியமம் தாழ்ந்தது, அதாவது சுத்த மத்தியமம். அடுத்த 36இல் அரைச்சுரம் உயர்ந்த பிரதி மத்தியமம். ஆறாறாகப் பிரித்துப் பன்னிரண்டு சக்கரங்கள். முதல் 36இல் எந்த மேளத்தின் எண்ணோடும் 36ஐக் கூட்டுங்கள், மத்தியமம் மட்டும் மாறிய அதன் இணை கிடைத்துவிடும். 29 தீரசங்கராபரணம். 65 மேசகல்யாணி. ஒரே ஒரு சுரம்தான் வேறு, ஆனால் வேறு வீட்டுக்குள் நுழைந்தது போல் இருக்கும்.

இன்னொன்று. ராகத்தின் எண் அதன் பெயருக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. கடபயாதி என்று பெயர். ஒவ்வொரு மெய்க்கும் ஓர் எண் உண்டு. மாயாமாளவகௌளையில் முதல் இரண்டு எழுத்துகள் மா, யா. ம என்றால் 5, ய என்றால் 1. திருப்பிப் படித்தால் 15. அதுதான் அதன் மேள எண். குழந்தைகளுக்கு முதலில் சொல்லித்தரும் ராகம் அது. அதோடு 36ஐக் கூட்டினால் 51, பந்துவராளி என்று நாம் சொல்லும் காமவர்த்தினி.

நான் ஒவ்வொரு இரவும் ஒரு மேளம் என்று வரிசையாகக் கேட்டேன். 72 இரவுகள். அந்தச் சட்டகம் மனத்தில் அமர்ந்த பிறகு எந்த இசையும் எனக்கு அந்நியமாக இல்லை. ஆராயும் மனத்துக்கு ஆராய ஒழுங்கான ஒன்றைக் கொடுத்துவிட்டால் அது வேண்டாத இடத்தில் தோண்டாது. செய்து பாருங்கள்.

—

கேட்டறிவோம் (கிள்ளான்) எழுதியது:

உளவியல் படித்து ஆலோசகராக வேலை பார்க்கிறேன். ராகம் எனக்குத் தெரியாது. அந்த நான்கு எழுத்துகளைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

அகமுகம், புறமுகம் என்ற பிரிவைப் பரவலாக்கியவர் கார்ல் யூங், 1921இல். அவருடைய கருத்தை வைத்துப் பின்னாளில் கேத்தரின் பிரிக்ஸ், இசபெல் பிரிக்ஸ் மையர்ஸ் என்ற தாயும் மகளும் அந்தப் பதினாறு வகைச் சோதனையை உருவாக்கினார்கள். சில வாரங்கள் கழித்து மறுபடியும் எழுதினால் பலருக்கு வேறு எழுத்துகள் வருகின்றன என்பது அதன் மீதுள்ள பழைய குறை. மனிதர்கள் அப்படிப் பெட்டி பெட்டியாக இல்லை. பெரும்பாலோர் நடுவில் எங்கோ இருக்கிறோம். ஆகவே ‘இந்த வகைக்கு இந்த இசை’ என்ற பட்டியலை மருந்துச் சீட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள், தம்பி.

ஆனால் நீங்கள் உங்களைப் பற்றிக் கவனித்துச் சொன்னவை உண்மையானவை. ஹான்ஸ் ஐசென்க் 1967இல் ஒரு விளக்கம் தந்தார். அகமுகர்களின் மூளை இயல்பாகவே கூடுதல் விழிப்பில் இருக்கிறது, அதனால் வெளித்தூண்டல் கொஞ்சம் கூடினாலே அவர்களுக்கு மிகையாகிவிடுகிறது என்றார். 1997இல் ஃபர்ன்ஹம், பிராட்லி என்ற இருவர் பாப் இசையை ஒலிக்கவிட்டுச் சோதனை வைத்தார்கள். படித்துப் புரிந்துகொள்ளும் பகுதியில் புறமுகர்களைவிட அகமுகர்கள் அதிகம் தடுமாறினார்கள்.

இதற்கு நேர்மாறாகத் தோன்றும் ஒன்றும் இருக்கிறது. கேம்பிரிட்ஜில் கிரீன்பெர்க்கும் உடனிருந்தவர்களும் 4000க்கும் மேற்பட்டவர்களிடம் கேட்டு 2015இல் வெளியிட்டார்கள். பிறர் உணர்வை உடனே உணர்பவர்கள் மென்மையான இசையை விரும்பினார்கள். அமைப்புகளையும் விதிகளையும் அலசுபவர்களின் விருப்பம் வேகமும் அழுத்தமும் நிறைந்த இசை, ஹெவி மெட்டல் வகை உட்பட. அதாவது அலசும் மனம் என்றால் மென்மையான பியானோதான் என்று சொல்ல ஆதாரம் இல்லை. ஆனால் அந்த ஆய்வு விருப்பத்தைக் கேட்டது, தூக்கத்தைக் கேட்கவில்லை. பிடித்த இசையும் ஓய்வு தரும் இசையும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

—

உறுமிக்காரன் (பாகான் செராய்) எழுதியது:

மேலே அக்கா சொன்ன ஆய்வை முன்பே யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் எத்தனையோ சங்கடம் தவிர்ந்திருக்கும்.

நானும் பேசாதவன்தான். கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறேன். ஆனால் கோயில் உறுமி மேளத்தில் பத்து ஆண்டுகளாக வாசிக்கிறேன். தைப்பூசத்தில் மூன்று மணி நேரம் வாசித்து முடித்து, கை எரிய, சட்டை நனைய, ஓரமாக உட்காரும்போது கிடைக்கும் அமைதியை எந்தப் புல்லாங்குழலும் எனக்குத் தந்ததில்லை. அந்த நேரத்தில் தலைக்குள் ஒரு எண்ணம்கூட இருக்காது. கூட்டத்தின் நடுவில்தான் இருப்பேன், ஆனாலும் யாரும் என்னிடம் பேச மாட்டார்கள். என்னைப் போன்றவனுக்கு இது எவ்வளவு பெரிய வசதி என்று புறமுகர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது.

உறுமியின் இடந்தலையில் வளைந்த குச்சியைத் தேய்க்கும்போது வரும் அந்தக் கீழ்நாதம் நெஞ்செலும்பில் இறங்கும். நம்மில் படித்தவர்கள் சிலர் அதைச் சத்தம் என்று ஒதுக்குகிறார்கள். வருத்தமாக இருக்கிறது. தம்பி, உங்களுக்கு இரைச்சல் ஆகாது என்றால் விட்டுவிடுங்கள். ஆனால் ஓய்வு என்றால் மெல்லிசைதான் என்று யாரும் முடிவுகட்ட வேண்டாம்.

—

செம்பனைச்சாலை எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. பத்து நாள் செய்து பார்த்துவிட்டு எழுதுகிறேன். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

நீலாம்பரி முதல் இரவே வேலை செய்தது. வீணை, எட்டு நிமிட ஆலாபனை. ஐந்தாம் நிமிடத்தில் தோள் இறங்கியது எனக்கே தெரிந்தது. இரண்டாம் இரவும் அப்படியே.

மூன்றாம் இரவு கூலிம் ஐயாவின் திறவுகோலைக் கையில் எடுத்தேன். ஐயா, கோபித்துக்கொள்ளாதீர்கள். கடபயாதி என்னை இரவு ஒன்றரை மணி வரை உட்கார வைத்துவிட்டது. எழுத்துகளின் எண்களைத் தாளில் எழுதி ஒவ்வொரு மேளமாகச் சரிபார்த்தேன். மகிழ்ச்சியான இரவு, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் மறுநாள் வேலையில் குடுவையில் இளஞ்சிவப்பைத் தாண்டிக் கருஞ்சிவப்புக்குப் போய்விட்டேன், மூன்று முறை. நான்காம் இரவு நீலாம்பரியைப் போட்டால் அது பழைய நீலாம்பரியாக இல்லை. இந்த ஏழாம் சுரம் உயர்ந்த காகலி நிஷாதமா, தாழ்ந்த கைசிகி நிஷாதமா என்று தேடத் தொடங்கிவிட்டேன். பியானோ ஒட்டைத் தேடிய அதே காது.

ஆகவே எனக்குத் தெரிய வந்தது இது. இசையைப் பற்றிய அறிவு பகலுக்கு வேண்டும். இரவில் அந்த அறிவைக் கழற்றிவைக்க வழி வேண்டும். அதை எப்படிச் செய்வது?

உறுமிக்கார அண்ணன் எழுதியதை இரண்டு முறை படித்தேன். எங்கள் தாமானுக்கு (குடியிருப்புக்கு) அருகிலும் கோயில் இருக்கிறது, உறுமி எனக்குப் பிடிக்கும். ஆனால் எட்டு மணி நேரம் ஆலையில் நின்றுவிட்டு வந்த காது அதை ஏற்கவில்லை.

—

கவசம் (பாசிர் கூடாங்) எழுதியது:

தொழிற்சாலைப் பாதுகாப்புப் பிரிவில் இருப்பவன். யாரும் கேட்காத கேள்வி ஒன்று. வேலையின்போது காதில் அடைப்பான் போடுகிறீர்களா? நம் மலேசியாவின் 2019ஆம் ஆண்டு விதிகளின்படி எட்டு மணி நேர வேலையில் இரைச்சல் 85 டெசிபலைத் தாண்டக் கூடாது. தாண்டும் இடத்தில் காதுக் காப்பு கட்டாயம். பரிசோதனைக் கூடத்தில் இருப்பவர்கள் ‘நான் உள்ளேதானே இருக்கிறேன்’ என்று நினைத்துவிட்டு, மாதிரி எடுக்க வெளியே போகும்போது வெறும் காதோடு போவார்கள். அப்படிப் போகாதீர்கள்.

களைத்த காதுக்கு வீட்டிலும் ஹெட்போன் மாட்டினால் அதற்கு எப்போது ஓய்வு? உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு, 80 டெசிபல் ஒலி என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம் வரை. உங்கள் வாரத்தின் பங்கை ஆலையே தின்றுவிடுகிறது. வீட்டுக்கு வந்ததும் இசை வேண்டாம். முதலில் காது இறங்கட்டும்.

—

பால்மரத்தடி (சுங்கை சிப்புட், லிந்தாங் பக்கம்) எழுதியது:

தம்பி, நம் ஊர்ப் பிள்ளை என்பதால் எழுதுகிறேன். பேத்தி தட்டச்சு செய்து தருகிறாள். எனக்கு வயது எழுபத்தாறு. முப்பத்தொரு வருஷம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவன்.

விடிவதற்கு முன்பே நிரைக்கு, அதாவது அவரவர் மரவரிசைக்கு, போய்விடுவோம். வெயில் ஏறுவதற்குள் வெட்டினால்தான் பால் நன்றாக ஓடும். தலையில் விளக்கு, கையில் உளி. ஆளுக்கு நானூறு, ஐந்நூறு மரம். ஒரு மரத்துக்கும் அடுத்த மரத்துக்கும் இத்தனை அடி என்று கால் தானே அறியும். பட்டையில் உளி இழுபடும் ஓசை, சீவல் விழும் ஓசை, பால் வடியும் மங்கு என்ற கோப்பையைத் திருப்பி வைக்கும் ஓசை, பிறகு நடை. மறுபடியும் உளி. நானும் அதிகம் பேசாதவன்தான். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக் களத்தில் எல்லாரும் பேசிக்கொண்டு நிற்பார்கள், நான் சீக்கிரம் நிரைக்குள் போய்விட மாட்டோமா என்று காத்திருப்பேன். உள்ளே போய்விட்டால் மனம் கழுவினதுபோல் ஆகிவிடும்.

அங்கே என்ன இசை இருந்தது? ஒன்றும் இல்லை. ஆனால் ஒரு கதி இருந்தது. நாங்கள் குடியிருந்த வீட்டு வரிசைக்கு லயம் என்று பெயர். இங்கிலீஷ்காரன் லைன் என்றான், நாம் லயம் என்றோம். பாட்டுக்காரர்கள் தாளம் நிலைத்து நிற்பதையும் லயம் என்கிறார்கள். அந்த லயத்தில் எனக்குத் தூக்கம் வந்ததில்லை. ஒரு சுவர் தாண்டினால் அடுத்த வீட்டு இருமல் கேட்கும், குழந்தை அழுகை கேட்கும். தூங்க வைத்தது நிரையில் கிடைத்த இந்த லயம்தான். அதைப் பகலில் சேர்த்துவைத்துக்கொண்டு இரவில் படுப்பேன்.

நீங்கள் எதையோ தேடித் தேடிப் போட்டுக் கேட்கிறீர்கள். கேட்டு முடித்த பிறகு என்ன செய்கிறீர்கள்? அதைச் சொல்லவே இல்லையே. மழை விட்ட பிறகு இலையிலிருந்து சொட்டும் பாருங்கள், ஒரு சொட்டுக்கும் அடுத்த சொட்டுக்கும் நடுவில் ஒன்றும் இருக்காது. நான் தூங்கிப்போவது அந்த இடத்தில்தான்.

—

கேட்டறிவோம் எழுதியது:

ஐயா எழுதியதைப் படித்துவிட்டு எழுந்து போய் என் பழைய குறிப்பேட்டை எடுத்துவந்தேன்.

2006இல் இத்தாலியின் பாவியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பெர்னார்டி என்பவரும் உடனிருந்தவர்களும் 24 பேருக்குப் பலவகை இசையைக் கேட்கக் கொடுத்து, மூச்சு, இதயத் துடிப்பு, இரத்த அழுத்தம் எல்லாவற்றையும் அளந்தார்கள். பாதிப் பேர் இசைக் கலைஞர்கள். இந்திய ராக இசையும் கொடுத்த இசைகளில் ஒன்று. வேகமான இசைக்கு மூச்சும் துடிப்பும் ஏறின. எந்த வகை இசை, கேட்பவருக்குப் பிடித்ததா என்பதைவிட அதன் வேகமே முக்கியமாக இருந்தது. நான் சொல்ல வந்தது இனிமேல்தான். இசைகளுக்கு நடுவே இரண்டு நிமிட மௌனம் ஒன்றைச் செருகியிருந்தார்கள். அந்த மௌனத்தில்தான் உடல் அதிகமாகத் தளர்ந்தது. இசை தொடங்குவதற்கு முன்பு சும்மா உட்கார்ந்திருந்த நேரத்தைவிடவும் ஆழமாக.

வெறும் அமைதிக்கு அந்த அளவு ஆற்றல் இல்லை என்று தோன்றுகிறது. இசை கவனத்தை ஒரு இடத்தில் கூட்டிக்கொடுத்த பிறகு, அதை விலக்கினால் வரும் அமைதிக்குத்தான் அந்த ஆற்றல். ஐயா, நீங்கள் சொட்டுக்கு நடுவில் என்று சொன்னது இதைத்தான்.

இணையத்தில் கிடைக்கும் ‘எட்டு மணி நேர ஓய்விசை’களின் குறையும் இங்கே தெரிகிறது. அவை நிற்பதே இல்லை. நிற்காத இசைக்கு மௌனம் எங்கிருந்து கிடைக்கும்?

—

நாலாம்கட்டை எழுதியது:

தம்பி, அறிவைக் கழற்றிவைப்பது எப்படி என்று கேட்டீர்கள். நான் ஆயுள் முழுவதும் அந்தச் சிக்கலோடு வாழ்கிறவள். எந்த வயலினைக் கேட்டாலும் விரல் எங்கே இருக்கிறது என்று என் விரலே தேடும். எனக்கு உதவிய வழிகள் இரண்டு.

ஒன்று, ஒரே பதிவு. புதிதாக எதையும் தேடாதீர்கள். ஒரே ஒரு ஆலாபனையைத் தேர்ந்து ஒரு மாதம் அதையே கேளுங்கள். முதல் வாரம் மனம் அலசும், அலசட்டும். இரண்டாம் வாரம் அலச எதுவும் மிச்சம் இருக்காது. எல்லா வளைவும் தெரிந்துபோன பிறகு, அடுத்தது என்ன என்ற கேள்வி அடங்கிவிடும். பழகிய பாதையில் நடப்பவன் வழியைப் பார்க்க மாட்டான்.

இரண்டு, தம்புரா. வேறு எதுவும் வேண்டாம், தம்புரா மட்டும். நான்கு தந்தி. பஞ்சமம், சட்ஜம், சட்ஜம், கீழ்ச் சட்ஜம். அவ்வளவுதான். இதில் அலச என்ன இருக்கிறது என்று நினைப்பீர்கள். ஆனால் தந்திக்கும் அதைத் தாங்கும் குதிரை என்ற கட்டைக்கும் நடுவில் ஒரு நூல் வைத்திருப்பார்கள், ஜீவாளி என்று பெயர். அதனால் ஒவ்வொரு மீட்டலிலும் மேல்நாதங்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்து மங்கும். சுருதி சேர்ந்த தம்புராவில் யாரும் மீட்டாத காந்தாரம் என்ற சுரம் தானாகக் கேட்கும். அதைத் தேடிப் பிடிக்க முடியாது, அது வந்தால் கேட்கலாம். உங்களைப் போன்ற காதுக்கு அதுவே போதும் என்று நினைக்கிறேன்.

ஒலியைக் குறைத்து வையுங்கள். பக்கத்து அறையில் யாரோ மீட்டுவது போல் இருந்தால் சரி.

—

எழுபத்திரண்டு எழுதியது:

கோபமே இல்லை. என் மகள் இதையே என்னிடம் சொன்னாள், ‘அப்பா, நீங்கள் பாட்டைக் கேட்பதில்லை, திருத்துகிறீர்கள்’ என்று. உங்கள் கடிதத்துக்குப் பிறகு யோசித்தேன். அந்த 72 இரவுகளும் நான் மகிழ்ந்தேன், ஓய்வெடுத்தேனா என்பது வேறு கேள்விதான்.

மோகனத்தைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். ஐந்தே சுரம். மத்தியமமும் நிஷாதமும் இல்லாததால் அரைச்சுர நெருக்கம் எங்கும் வராது. இழுபறி இல்லாத ராகம். நம் ஊர்ச் சீனர் கோப்பிக் கடைகளில் பழைய சீன இசை ஒலிக்கும்போது இது மோகனமா என்று பலமுறை திரும்பிப் பார்த்திருக்கிறேன், அவர்களும் அதே ஐந்து சுரங்களை அதிகம் கையாள்கிறார்கள். குஜெங் என்ற 21 தந்திக் கருவியின் இசையைக் கேட்டுப் பாருங்கள். அந்த இலக்கணம் உங்களுக்குத் தெரியாது. தெரியாததால் திருத்த முடியாது. எனக்கு இப்போது அதுதான் ஓய்வாக இருக்கிறது.

—

மூன்றாவதுவீடு (தைப்பிங்) எழுதியது:

எல்லாரும் ராகம் சொன்னீர்கள். நான் வீட்டைப் பற்றிக் கேட்கிறேன்.

என் மகனும் இப்படித்தான். வேலையிலிருந்து வந்ததும் காதில் மாட்டிக்கொண்டு அறைக்குள் போய்விடுவான். நான் பசியாறக் கூப்பிட்டால் கேட்காது. முதலில் மிகவும் நொந்துபோனேன். தோட்டத்தில் வளர்ந்தவள் நான். ஏழு பேர் ஒரே கூடத்தில் படுத்தோம். தனியாக இருக்க வேண்டும் என்று எங்களில் ஒருவர் சொன்னால் உடம்புக்கு என்ன என்றுதான் கேட்போம். தனிமை வேண்டும் என்பது ஒரு தேவை என்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. அப்படித் தேவைப்பட்டவர்கள் அந்த லயத்திலும் இருந்திருப்பார்கள், பாவம். என் அத்தை ஒருத்தி தினமும் அந்தியில் தண்ணீர்க் குழாயடியில் குடம் நிரம்பிய பிறகும் உட்கார்ந்திருப்பாள். திமிர் பிடித்தவள் என்றார்கள்.

தம்பி, உங்கள் வீட்டில் அம்மா இருக்கிறார்களா? காதில் மாட்டுவதற்கு முன் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள். ‘அரை மணி நேரம்’ என்று. முடிவு தெரிந்தால் காத்திருக்க முடியும். முடியுமானால் ஹெட்போனை விட்டுச் சிறிய ஒலிபெருக்கியில் போடுங்கள். என் மகன் அப்படிச் செய்யத் தொடங்கிய பிறகு அவன் அறைக் கதவு திறந்திருக்கிறது. எனக்கும் அது கேட்கிறது. நாங்கள் பேசுவதில்லை, ஆனால் ஒரே இசையில் இருக்கிறோம்.

எங்கள் ஊரில் மழைக்குக் குறைவில்லை என்பது உங்களுக்குத் தெரியும். பல நாள் அவன் ஒன்றையும் போடுவதில்லை. ஜன்னலை மட்டும் திறந்துவைக்கிறான்.

—

செம்பனைச்சாலை எழுதியது:

ஐந்து வாரங்கள் ஆகிவிட்டன. நடுவில் எழுதாததற்கு மன்னியுங்கள், எழுதினால் மறுபடியும் அலசத் தொடங்குவேன் என்ற பயம்.

பாதுகாப்புப் பிரிவு அண்ணன் சொன்னபடி மாதிரி எடுக்கப் போகும்போது காதடைப்பான் போடுகிறேன். வீட்டுக்கு வந்ததும் எதையும் போடுவதில்லை. குளித்து, சாப்பிட்டு, அம்மாவோடு ஒரு மணி நேரம். தைப்பிங் அக்கா, நீங்கள் கேட்ட கேள்வியை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் தம்முடைய தங்கையைப் பற்றி, எனக்குத் தெரியாத சின்னம்மாவைப் பற்றி, நிறையப் பேசினார்.

பத்து மணிக்கு என் அறை. தம்புரா பத்து நிமிடம். அதன் பிறகு ஒரே நீலாம்பரி, அதே வீணை, அதே எட்டு நிமிடம். மூன்றாம் வாரத்தில் ஒரு நாள், அது எப்போது முடிந்தது என்று எனக்குத் தெரியவில்லை. விளக்கு எரிந்துகொண்டிருந்தது, மணி நான்கு.

பெரியவர் ஐயாவுக்கு: முடிந்த பிறகு என்ன செய்கிறாய் என்று கேட்டீர்கள். முன்பெல்லாம் அடுத்ததைத் தேடுவேன். கை தானாகக் கைப்பேசிக்குப் போகும். இப்போது கைப்பேசியைக் கூடத்தில் வைத்துவிட்டுச் சின்ன ஒலிபெருக்கியை மட்டும் அறையில் வைத்திருக்கிறேன். எட்டு நிமிடம் முடிந்ததும் அது நின்றுவிடும். முதல் அரை நிமிடம் காது இன்னும் சுருதியைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. பிறகு தவளை, மின்விசிறி, தூரத்தில் பழைய கூட்டரசு நெடுஞ்சாலையில் ஈப்போ பக்கம் போகும் லாரி. இவை எல்லாம் முன்பும் இருந்தவைதான். அளக்கத் தோன்றவில்லை.

எல்லா இரவும் இப்படி இல்லை. வாரத்தில் இரண்டு நாள் பழையபடி விழித்திருக்கிறேன். அடுத்த வாரம் முதல் இரவு வேலை, பகலில் தூங்க வேண்டும். அப்போது இது எடுபடுமா என்று பார்க்க வேண்டும். ஒரு கேள்வி: என்னிடம் உள்ள தம்புரா பெண்குரலுக்கான ஐந்தரைக் கட்டைச் சுருதியில் இருக்கிறது. பகல் வெளிச்சத்தில் அது கூர்மையாகக் கேட்கிறது. தாழ்ந்த சுருதியில் யாரிடமாவது இருக்கிறதா?

—

நாலாம்கட்டை எழுதியது:

ஒரு கட்டைச் சுருதியில் என் குரு மீட்டியது இருக்கிறது. பழைய ஒலிநாடா, பின்னணியில் அவர் வீட்டுச் சேவல் ஒரு முறை கூவும். இன்றிரவே அனுப்புகிறேன்.